வலது ஓரத்துப் பட்டை

அவருக்குக் குமிழி என்று பெயர் வைத்தவன் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அவர் விஷயத்தில் நான் செய்த இன்னொரு காரியத்தையும் பின்னால் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதற்கு இது ஒரு ஒத்திகையாக இருக்கட்டும்.

கார் கண்ணாடிகளுக்கு வெயில் தடுக்கும் பிலிம் ஒட்டுவது அவர் தொழில். நான் கார் சீட்டுக்கு உறை தைக்கிறவன். பதினாறு வருடம் ஒரே ஷெட்டில் இருந்தோம். இப்படி ஒரு பொருந்தாத கூட்டை வேறு யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். என் தொழிலில் பஞ்சும் நூலும் எந்நேரமும் பறக்கும். அவர் தொழிலுக்கு ஒரு தூசி ஆகாது. கண்ணாடிக்கும் பிலிமுக்கும் நடுவில் ஒரு நூலிழை போய் உட்கார்ந்துவிட்டால் அதைச் சுற்றிக் குமிழி எழும்பும். பிலிம் இருக்கிற வரைக்கும் அதுவும் இருக்கும். அதனால் ஷெட்டின் நடுவில் தடிமனான ஒரு பிளாஸ்டிக் திரையைத் தொங்கவிட்டார். ஒட்டுகிற நேரத்தில் தரையில் தண்ணீர் தெளிப்பார், மின்விசிறியை நிறுத்துவார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். பிறகு திரையை விலக்கித் தலையை மட்டும் நீட்டி, "டெய்லரே, ஒரு பத்து நிமிஷம் மெஷினை நிறுத்துங்க" என்பார். அவருடைய பத்து நிமிஷம் முக்கால் மணி நேரம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தக் கிறுக்கு ஷெட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பேருந்தில் போனால் பக்கத்து சீட்காரனின் போனை வாங்கி, அதன் மேல் ஒட்டியிருக்கும் கண்ணாடியில் ஒரு குமிழியைக் கட்டை விரலால் ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றிவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார். என் மனைவி வாங்கிய புது பிரிட்ஜின் கதவில் ஒட்டிவந்த பிளாஸ்டிக்கில் ஒரு குமிழி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே காபியை ஆறவிட்டார். அன்றைக்கு வைத்த பெயர்தான். அவர் மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே "குமிழி பொண்ணு" ஆகிவிட்டாள். ஒரே மகள். அவள் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள், இந்தப் பெயரை வைத்த பிறகும்.

பிலிம் ஒட்டுவது எப்படி என்று சொன்னால்தான் மற்றது புரியும். பிலிம் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டப்படுவது. சோப்புத் தண்ணீரைக் கண்ணாடியில் அடித்து, பிலிமை அதன் மேல் மிதக்கவிட்டு, ரப்பர் துண்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரை வழித்து எடுப்பார். எவ்வளவு வழித்தாலும் கொஞ்சம் ஈரம் உள்ளே தங்கும். புதிதாக ஒட்டிய பிலிம் அதனால் மூச்சுவிட்ட கண்ணாடி மாதிரி மங்கலாக இருக்கும். ஐந்து நாளில் அந்த ஈரம் காய்ந்துவிடும். அதுவரை கண்ணாடியை இறக்கக் கூடாது. வண்டிக்காரர்களிடம் அவர் கறாராகச் சொல்வது இந்த ஒன்றைத்தான். "அஞ்சு நாள் தொடாதீங்க. அஞ்சு வருஷத்துக்கு நான் பொறுப்பு."

இந்தப் பொறுப்புதான் அவரைப் படுத்தியது. பிலிம் எத்தனை நாள் தாங்கும் என்பது பிலிமை மட்டும் பொறுத்ததல்ல. மலிவான சாயப் பிலிம் இரண்டாவது வெயில் காலத்திலேயே ஊதா நிறத்துக்குத் திரும்பும், மூன்றாவதில் பசை விட்டுக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். நல்ல பிலிம் பத்து வருடம் கூட அசையாது. ஆனால் நல்ல பிலிமை ஒட்டிக்கொண்டு போனவன் வீட்டுத் தரை துடைக்கிற மருந்தை வைத்துக் கண்ணாடியைத் துடைத்துக் கெடுத்துவிட்டு, "என்னய்யா பிலிம் ஒட்டினே?" என்று வந்து நிற்பான். அவனிடம் வாதாட முடியாது. அதற்காக அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

ஷெட்டுக்கு மேலே மொட்டை மாடி. அங்கே இரும்புச் சட்டத்தில் பழைய பேருந்துகளின் பக்கக் கண்ணாடிகளைச் சாய்த்து நிறுத்தினார். ஒரு பிலிம் சுருளுக்கு ஒரு கண்ணாடி. அந்தச் சுருளிலிருந்து ஒவ்வொரு காருக்கு வெட்டும்போதும், மிஞ்சும் துண்டில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை எடுத்து அந்தக் கண்ணாடியில் ஒட்டுவார். காரில் எப்படியோ அப்படியே, உள்பக்கமாக. வெயில் முதலில் கண்ணாடியில் பட்டு, அதைத் தாண்டித்தான் பிலிமுக்கு வர வேண்டும். பட்டைகள் இடமிருந்து வலமாக வரிசையாக இருக்கும், எந்தப் பட்டை எந்த வண்டி என்று ஒரு நோட்டில் அதே வரிசையில் எழுதியிருக்கும். முதலில் பட்டையின் மேலேயே வண்டி எண்ணை எழுதிப் பார்த்தார். அழியவே அழியாது என்று விற்ற பேனா மை மூன்று மாத வெயிலில் போன இடம் தெரியவில்லை. அதிலிருந்து வரிசைதான் கணக்கு.

சண்டைக்கு வருகிறவனை மாடிக்குக் கூட்டிப் போவார். "இது உங்க வண்டி பிலிம். அதே சுருள், அதே நாள். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் வெயில்ல கிடக்கு. உங்க வண்டியாவது அப்பப்போ நிழல்ல நிக்கும். இது கறுப்பாத்தானே இருக்கு?" வந்தவன் வாயை மூடிக்கொண்டு இறங்குவான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. புதுச் சுருள் வந்தால் முதல் துண்டு அவருடைய சொந்த வேனுக்குத்தான். தன் வண்டியில் ஒட்டிப் பார்க்காத பிலிமை அடுத்தவன் வண்டியில் ஒட்ட மாட்டார். அதனால் அந்த வேனின் ஒவ்வொரு ஜன்னலும் ஒவ்வொரு கறுப்பு. அதனால்தான் ஒவ்வொரு கண்ணாடியிலும் இடது ஓரத்தில் இருக்கும் முதல் பட்டை அவருடைய வேனுடையது.

ஒரு நாள் நடு மதியம் மாடியிலிருந்து கூப்பிட்டார். நான் சாப்பிட்ட கையோடு போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு கண்ணாடி முன்னால் குந்தியிருந்தார்.

"டெய்லரே, இதைப் பாருங்க."

பதினெட்டுப் பட்டைகளில் பதினேழு பளிங்கு போல இருந்தன. ஒன்று மட்டும் மங்கியிருந்தது. அவர் அதன் கீழ் ஓரத்தை நகத்தால் அழுத்தினார். ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே வந்தது. விரலை என் மூக்குக்கு நீட்டினார். சோப்பு வாசனை.

"ஒட்டி ஒண்ணரை வருஷம் ஆச்சு" என்றார். "இப்பதான் ஒட்டின மாதிரி இருக்கு."

மழைத் தண்ணீர் ஏதாவது இறங்கியிருக்கும் என்றேன். மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

நோட்டைப் பார்த்தால் அது ஒரு வெள்ளை டாக்சி. மூன்றாம் நாள் அந்த டாக்சி நின்றுகொண்டிருந்த லாரியின் அடியில் போய்ச் சொருகியது. நொறுங்கிய வண்டியை எதிர்த்த பட்டறைக்குத்தான் இழுத்து வந்தார்கள். குமிழி போய் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கதவுக் கண்ணாடி தூள் தூளாக உடைந்திருந்தது, ஆனால் ஒரு சில்லு உதிரவில்லை. பிலிம் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருந்தது. ஒரு குமிழி கூட இல்லை என்று சொல்லிக்கொண்டே திரும்பி வந்தார். அடுத்த ஒரு வாரத்தில் மாடியிலிருந்த அந்தப் பட்டை ஊதாவாகி, ஓரம் சுருண்டு, வெடித்துவிட்டது. பத்து வருட வெயிலை ஒரே வாரத்தில் வாங்கியது போல இருந்தது. அதற்கு இரண்டு பக்கமும் இருந்த பட்டைகள் அப்படியே இருந்தன.

அடுத்தது ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரின் கார். பட்டை ஈரமானதைப் பார்த்துவிட்டு இவர் நான்கு நாள் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது? ஐந்தாம் நாள் கார் வாய்க்காலுக்குள் கிடந்தது. அந்தச் செய்தி வந்த அன்று அவர் வேலை செய்யவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சாயங்காலம் வரை கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி அவர் விரல் நுனிகள் எப்போதும் சுருங்கியேதான் இருக்கும்.

மூன்றாவது முறை அவர் சும்மா இருக்கவில்லை. அது ஒரு பல் டாக்டரின் கார். போன் செய்து, உங்கள் பிலிமில் ஒரு கோளாறு, நானே மாற்றித் தருகிறேன் என்று பொய் சொல்லி வண்டியை வரவழைத்தார். சாவியை வாங்கி மேசைக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். ஐந்து நாள். டாக்டர் தினமும் ஆட்டோவில் போய்க்கொண்டு எங்களைத் திட்டினார். ஐந்தாம் நாள் மாடியில் பட்டை காய்ந்து, மற்ற பட்டைகளைப் போலத் தெளிந்திருந்தது.

"ஒண்ணும் நடக்கலையே அண்ணே" என்றேன், கிண்டலாக.

"ஒண்ணும் நடக்கல. அதைத்தான் நானும் சொல்றேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு தனியாக அந்த மாடிக்குப் போக எனக்குப் பிடிக்கவில்லை. மதிய வெயிலில் அந்தக் கண்ணாடிகளின் முன்னால் நின்றால் உள்ளேயிருந்து யாரோ என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கும். கறுப்புக் கண்ணாடி என்றால் அப்படித்தான், வெளியிலிருந்து பார்த்தால் நம் முகம்தான் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அது உண்மைதான். ஆனாலும் சீக்கிரம் இறங்கிவிடுவேன். பட்டையைச் சுரண்டி எறிந்துவிட்டால் என்ன என்று ஒரு தடவை கேட்டேன். "எறிஞ்சா வண்டி தப்பிக்குமா, அப்பவே போயிடுமா, யாருக்குத் தெரியும்? சோதிச்சுப் பார்க்க எனக்குத் தைரியம் இல்ல" என்றார்.

அவர் மகள் படித்து முடித்து, ஆறு மணி நேரத் தொலைவில் ஒரு வேலை வாங்கினாள். ஊர் ஊராகக் காரில் போய்க் குடிதண்ணீரில் மாதிரி எடுத்துவந்து பரிசோதிக்கிற வேலை. கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும், சொந்த வண்டியும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சிவப்பு நிறத்தில் ஒரு பழைய சின்னக் காரை வாங்கினார்கள். அந்த வருடம் வந்த நல்ல சுருளில் கடைசித் துண்டை அவர் அவளுக்காக எடுத்து வைத்திருந்தார். ஒட்டும்போது என்னை வெளியேயே அனுப்பிவிட்டார். மிஞ்சிய துண்டிலிருந்து பட்டை எடுத்து, கண்ணாடியின் வலது ஓரத்தில் மிச்சமிருந்த இரண்டு விரல் இடத்தில் ஒட்டினார். அத்துடன் அந்தக் கண்ணாடி நிரம்பியது. இடது ஓரத்தில் முதல் பட்டை அவருடைய வேன். வலது ஓரத்தில் கடைசிப் பட்டை மகளின் கார். நடுவில் மற்றவர்கள். எல்லாம் ஒரே பிலிம், ஒரே அகலம், நான்கைந்து மாத வித்தியாசம்.

அடுத்த வாரம் மாடித் தளம் ஒழுகுகிறது என்று பூச்சு அடிக்க ஆட்கள் வந்தார்கள். அன்று அவர் மகளோடு ஏதோ சான்றிதழ் வாங்கப் போயிருந்தார். ஆட்கள் கண்ணாடிகளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் திரும்பச் சட்டத்தில் நிறுத்திவிட்டுப் போனார்கள். சாயங்காலம் நான் மேலே போய்ப் பார்த்தபோது ஒரு கண்ணாடி மட்டும் தப்பாக இருந்தது. பிலிம் ஒட்டிய பக்கம் வெயிலைப் பார்த்து இருந்தது. வேறு யாராவது பார்த்திருந்தால் கண்ணாடி கண்ணாடியாக இருக்கிறது என்று விட்டிருப்பார்கள். நான் பதினாறு வருடம் அந்த ஆளோடு இருந்தவன். பிலிம் உள்பக்கம்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தூக்கிப் புரட்டிச் சரியாக வைத்தேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட திருப்தி எனக்கு. இதெல்லாம் ஒரு விஷயமா என்று அவரிடம் சொல்லவும் இல்லை.

அவள் திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மதியம் அவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். பிளாஸ்டிக் திரையை விலக்காமல் அப்படியே அதில் மோதிக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தம் இல்லை.

"என் பொண்ணோடது" என்றார்.

நான் மேலே ஓடினேன். வலது ஓரத்துப் பட்டை முழுவதும் வெள்ளையாக மங்கியிருந்தது. நகத்தை வைக்கக் கூட வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் தானாகவே கண்ணாடியில் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்த உச்சி வெயிலில் அது காயவில்லை. அன்றைக்கு நான் சிரிக்கவில்லை.

வீட்டில் பெரிய ரகளை. நானும் கூட இருந்தேன். அவர் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார், டாக்சி, தலைமை ஆசிரியர், பல் டாக்டர். அவள் தண்ணீரைப் பரிசோதிக்கப் படித்தவள்.

"அப்பா, பசை கெட்டுப்போனா ஈரம் இழுக்கும். இதுக்காக வேலையை விடச் சொல்றீங்களா?"

"வேலையை விட வேண்டாம்மா. காரை மட்டும் அஞ்சு நாள் தொடாதே."

"முதல் நாளே கார் இல்லாம போய் நிக்கவா? மாமா, நீங்களாவது சொல்லுங்க."

நான் அவர் பக்கம் பேசினேன். அவளால் நம்ப முடியவில்லை. பதினாறு வருடம் அவரைக் கேலி செய்த வாய் இது. "நீங்களுமா மாமா?" என்றாள். கடைசியில் அவர் மனைவி, அண்ணிதான் நடுவில் விழுந்து ஒரு வழி செய்தார். மகள் ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் போவது. சாமான்களை அப்பா வேனில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. கார் வீட்டு வாசலிலேயே நிற்பது, அடுத்த வாரம் அவரே அதை ஓட்டிக்கொண்டு போய் விடுவது. குமிழியின் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது. சிவப்புக் காரின் சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டு, மேலே கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வேன் கிளம்பியது. தலையணை, மேசை மின்விசிறி, இரண்டு பெட்டிப் புத்தகம், ஒரு வாளி. நானும்தான் ஏற்றிவிட்டேன். "டெய்லரே, நாளைக்கு என் பக்கத்துக்குப் பஞ்சு வரக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வளைவில் வேன் திரும்பாமல் நேராகப் போய் ஒரு மரத்தில் மோதியது. நல்ல வெளிச்சம், காலியான சாலை. என்ன ஆயிற்று என்று பார்த்தவர் யாரும் இல்லை. மகள் போன பேருந்து இருபது நிமிடத்துக்கு முன்னால் அதே வளைவைக் கடந்திருந்தது. சாமான்களை எடுத்துவர நான்தான் போனேன். மின்விசிறிக்கு ஒன்றும் ஆகவில்லை. டிரைவர் பக்கத்துக் கண்ணாடி தூள் தூளாக உடைந்து, ஒரு சில்லு உதிராமல் நின்றுகொண்டிருந்தது. அந்தச் சுருளின் முதல் துண்டு அது. அதில் ஒரு குமிழியாவது இருக்கிறதா என்று தேடினேன். ஏன் தேடினேன் என்று தெரியவில்லை. இல்லை.

அவர் காரியம் முடிந்த பிறகும் அவள் வேலைக்குப் போகவில்லை. மாத முடிவு வரை அங்கே அவகாசம் கொடுத்திருந்தார்கள். அவள் ஒரு நாள் ஷெட்டுக்கு வந்து, யாரிடமும் கேட்காமல் மாடிக்கு ஏறி, இறங்கி வந்தாள். வலது ஓரத்துப் பட்டை அதற்குள் ஊதாவாகிச் சுருண்டிருந்தது.

"எனக்கு வர வேண்டியதை அப்பா வாங்கிக்கிட்டாரு மாமா" என்றாள். "ஆனா பட்டை தெளியலையே. இன்னும் முடியலைன்னுதானே அர்த்தம்? நான் இனிமே ஸ்டீயரிங்கைத் தொட மாட்டேன்."

பசை கெட்டுப்போனால் ஈரம் இழுக்கும் என்று சொன்ன பெண் அவள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. காரை ஒரு துணியால் முழுக்க மூடி வைத்திருந்தாள். அண்ணி என்னிடம் வந்து, "நீங்க சொன்னா கேப்பா, ஒரே வேலை, அதுவும் போயிடும் போல இருக்கு" என்று அழுதார்.

அவள் சொன்னது என்னைத் தூங்கவிடவில்லை. பட்டை ஊதாவாகிச் சுருண்டால் வண்டி முடிந்துவிட்டது என்று அர்த்தம். டாக்சிக்கும் அப்படித்தான் ஆயிற்று, தலைமை ஆசிரியர் காருக்கும் அப்படித்தான். ஆனால் அவளுடைய கார் துணிக்கு அடியில் ஒரு கீறல் இல்லாமல் நிற்கிறது. நொறுங்கியது வேன். வேனின் பட்டை என்ன ஆயிற்று? மறுநாள் மதியம் மேலே போனேன். இடது ஓரத்து முதல் பட்டை நேற்று ஒட்டிக் காய்ந்தது போலக் கன்னங்கரேலென்று இருந்தது.

அங்கே நின்றபோதுதான் என் இரண்டு கைகளும் அந்தச் சாயங்காலம் செய்த வேலை எனக்கு ஞாபகம் வந்தது. பூச்சு ஆட்கள் கண்ணாடியைக் கீழ் விளிம்பிலிருந்து மேலாகக் கவிழ்த்திருக்க வேண்டும். அதனால் பிலிம் வெளியே வந்துவிட்டது, ஆனால் வரிசை மாறவில்லை. நான் அதைச் சரி செய்கிறேன் என்று புத்தகத்தில் பக்கம் புரட்டுவது போலப் பக்கவாட்டில் புரட்டிவிட்டேன். பிலிம் உள்ளே போய்விட்டது. ஆனால் இடது வலதாகிவிட்டது. முதல் பட்டை கடைசிக்குப் போய்விட்டது.

அந்த வெள்ளிக்கிழமை ஈரமானது வேனின் பட்டை. அவர் அதைப் பார்த்துவிட்டு மகளின் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வேனில் ஏறினார். மாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தளம் சுட்டது.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பொய் சொல்வானேன், பத்து நாள் அப்படித்தான் இருந்தேன். சொல்லாவிட்டால் அவள் அப்பா அவளுக்காக உயிரைக் கொடுத்தவர். சொன்னால் நான் ஒரு கண்ணாடியைத் தப்பாகத் திருப்பி அவரை அனுப்பிவைத்தவன். யார்தான் வாய் திறப்பார்கள்? ஆனால் மாத முடிவுக்கு இரண்டு நாள் இருந்தபோது அண்ணி அவளுடைய வேலைக் கடிதத்தைக் கொண்டுவந்து, இதை எப்படித் திருப்பி அனுப்புவது என்று கேட்டார். என்னால் முடியவில்லை. அவளை மாடிக்குக் கூப்பிட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வெற்றுத் தகட்டில் இரண்டு ஓரத்திலும் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, அவர்கள் எப்படிக் கவிழ்த்தார்கள், நான் எப்படிப் புரட்டினேன் என்று செய்தும் காட்டினேன். அவள் தகட்டை வாங்கித் தானே இரண்டு முறை புரட்டிப் பார்த்தாள்.

"அப்போ என்னோடது இதுவா?" இடது ஓரத்தைக் காட்டினாள்.

"ஆமாம்மா. ஒண்ணும் ஆகல பாரு. உனக்கு ஒண்ணும் இல்ல."

"நீங்க புரட்டலைன்னா அப்பா வேனை எடுத்திருக்க மாட்டாரு."

"எடுத்திருக்க மாட்டாரும்மா."

"என் கார்லயே என்னோட வந்திருப்பாரு."

"ஆமா."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியில் தெரிந்த எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துக்கொண்டே நின்றாள். கீழே சாலையில் ஏதேதோ வண்டிகள் போயின. பிறகு கண்ணாடியின் ஒரு முனையைப் பிடித்தாள்.

"அந்தப் பக்கம் பிடிங்க மாமா. புரட்டாதீங்க. அப்படியே சுத்தி வைக்கணும்."

தலையைக் காலாக, படுத்த வாக்கிலேயே சுற்றி வைத்தோம். சுருண்ட ஊதாப் பட்டை இடது ஓரத்துக்குப் போனது. அவளுடையது வலது ஓரத்துக்கு வந்தது. அவள் அதன் மேல் விரலை மேலிருந்து கீழாக ஒரு தடவை ஓட்டினாள், அவர் குமிழி தேடுகிற மாதிரியே. "அம்மாகிட்ட இதைச் சொல்லாதீங்க" என்றாள். மறுநாள் காலை சிவப்புக் காரில் கிளம்பினாள். நான் தெருமுனை வரை பின்னாலேயே நடந்தேன். என் பக்கம் திரும்பவில்லை. கறுப்புக் கண்ணாடிக்குள் திரும்பியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

ஆறு மாதம் ஆகிறது. தினமும் மதியம் ஒரு மணிக்கு அவளிடமிருந்து போன் வரும். சௌக்கியமா, சாப்பிட்டீர்களா என்று எதுவும் கிடையாது. எங்காவது ஒரு கிணற்றடியிலோ தண்ணீர்த் தொட்டியின் கீழோ வண்டியை நிறுத்திவிட்டுப் பேசுவாள். நான் அதற்குள் மேலே ஏறி, வெயிலில், அந்தக் கண்ணாடியின் முன்னால் குந்தியிருப்பேன்.

"மாமா, தெளிவா இருக்கா?"

"தெளிவா இருக்கும்மா."

வைத்துவிடுவாள். அவளுக்கு இதில் நம்பிக்கை இருக்கிறதா, இல்லை தினமும் என்னை அந்த மாடியில் ஏற்றி வைப்பதுதான் அவள் எனக்குக் கொடுத்த தண்டனையா என்று நான் கேட்டதில்லை. இப்போது ஷெட்டில் திரைக்கு அந்தப் பக்கம் காலி. ஆனாலும் அந்தப் பக்கம் பஞ்சு போகாமல் கூட்டிவிடுகிறேன்.

போன வாரம் ஒரு நாள் எனக்குக் காய்ச்சல், ஷெட்டுக்கே போகவில்லை. ஒரு மணிக்குப் போன் அடித்தது. படுக்கையிலிருந்தே "தெளிவா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன்.

"மாமா, நீங்க மாடியில இல்ல. ரோட்டுச் சத்தமே கேக்கலையே."

காய்ச்சலோடு சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். அவள் லைனிலேயே இருந்தாள். படியேறும்போது என் மூச்சு இரைப்பது அவளுக்குக் கேட்டிருக்கும். வண்டியை எடுக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். நான் மேலே போய், குந்தி, வலது ஓரத்துப் பட்டையின் கீழ் விளிம்பை நகத்தால் அழுத்தினேன். காய்ந்த விளிம்பு. விரலை மோந்து பார்த்தேன். இரும்பு வாசனை மட்டும்தான்.

"இப்ப சொல்றேன்மா. தெளிவா இருக்கு. நீ கிளம்பு."

அந்தப் பக்கம் இன்ஜின் சத்தம் கேட்டது. அது நகர்ந்து போகிற வரைக்கும் நான் அந்தப் பட்டையின் மேலிருந்து விரலை எடுக்கவில்லை.